எல்லோரும் சோர்ந்திருக்கும் வேளையில்: நெருக்கடிக் காலத்தில் பணியாளரின் மனச்சோர்வை அறிதல்

ஆட்குறைப்பு அறிவிக்கப்பட்ட வாரத்திலோ, பெருந்தொற்றோ வெள்ளமோ தாக்கிய மாதத்திலோ, ஓர் அலுவலகத்தில் மனச்சோர்வுக்கு ஆளானவரை அடையாளம் காண்பது எளிதான வேலையன்று. சாதாரண நாட்களில் ஒருவர் தூக்கமில்லாத முகத்தோடு வந்தாலோ, பேச்சைக் குறைத்துக்கொண்டாலோ, கைவந்த வேலையில் தடுமாறினாலோ அது தனித்துத் தெரியும். நெருக்கடியில் அதே அறிகுறிகள் அலுவலகத்தில் பாதிப் பேரிடம் தென்படும். இதனால் மேலாளர்கள் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். இயல்பான கவலையையும் துக்கத்தையும் நோயாகக் கருதி, அனைவரையும் ஓர் அறையில் உட்கார வைத்து ஆலோசனை வகுப்பு நடத்திவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுவது ஒன்று. "இந்த நேரத்தில் யார்தான் நன்றாக இருக்கிறார்கள்?" என்று சொல்லி, உண்மையிலேயே நோயுற்றவரைக் கூட்டத்தில் தவறவிடுவது மற்றொன்று. இவற்றில் இரண்டாவதே மிகுதியாக நடக்கிறது. அதனால் விளையும் கேடும் பெரிது.

நெருக்கடிகள் மனச்சோர்வைப் பெருக்குகின்றன என்பதில் ஐயமில்லை. உலகில் வயது வந்தோரில் சுமார் 5 விழுக்காட்டினர் இந்நோயுடன் வாழ்கிறார்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் பொதுவான மதிப்பீடு. கோவிட்-19 பெருந்தொற்றின் முதல் ஆண்டில் மட்டும் மனச்சோர்வும் பதற்றக் கோளாறும் உலக அளவில் 25 விழுக்காடு கூடின என்று அந்த அமைப்பு 2022 மார்ச்சில் தெரிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், உலகத் தொழிலாளர் அமைப்புடன் சேர்ந்து அது வெளியிட்ட அறிக்கையின்படி, இவ்விரு நோய்களாலும் ஆண்டுதோறும் சுமார் 1,200 கோடி வேலைநாட்கள் இழக்கப்படுகின்றன. பொருளாதார இழப்பு ஏறத்தாழ 1 லட்சம் கோடி அமெரிக்க டாலர்.

இந்த இழப்பை விடுப்புக் கணக்கைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது. வேலைக்கு வந்து, இருக்கையில் அமர்ந்து, ஆனால் வேலை ஓடாமல் தவிப்பவர்களால் ஏற்படும் இழப்பு, வராதவர்களால் ஏற்படும் இழப்பைவிடப் பெரியது என்பதைப் பணியிட ஆய்வுகள் பலவும் சுட்டியிருக்கின்றன. நெருக்கடியில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. வேலை போய்விடுமோ என்ற அச்சம் நிலவும் இடத்தில், உடம்பு முடியாதவரும் விடுப்புக் கேட்கத் தயங்குவார். ஆகவே வருகைப்பதிவு ஒழுங்காக இருப்பதைப் பார்த்து ஒரு நிறுவனம் நிம்மதி அடையுமானால், அது தவறான ஏட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

நோய் எங்கே தொடங்குகிறது

மனச்சோர்வு என்பது துயரம் முற்றிய நிலை மட்டுமன்று; வரையறுக்கப்பட்ட அறிகுறிகளைக் கொண்ட ஒரு நோய். நாளின் பெரும்பகுதி நீடிக்கும் தாழ்ந்த மனநிலை, முன்பு பிடித்திருந்தவற்றில்கூட நாட்டமின்மை ஆகிய இரண்டும் அதன் தலையாய அறிகுறிகள். பசியிலோ எடையிலோ மாற்றம், தூக்கக் கோளாறு, உடலியக்கம் மந்தமாதல் அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாத படபடப்பு, தீராத களைப்பு, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம் அல்லது அளவுக்கு மீறிய குற்றவுணர்வு, கவனம் குவியாமையும் முடிவெடுக்க இயலாமையும், சாவைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் எண்ணம் ஆகியவை மற்ற ஏழு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வகுத்துள்ள அளவுகோலின்படி, முதலிரண்டில் ஒன்றேனும் உள்ளடங்கிய ஐந்து அறிகுறிகள், குறைந்தது 2 வாரங்கள், ஏறக்குறைய நாள்தோறும் இருந்து, ஒருவரின் அன்றாட வாழ்வையோ பணியையோ குலைக்குமானால் அதைப் பெரும் மனச்சோர்வு எனலாம்.

இந்த ஒன்பதில் ஒரு மேலாளரின் கண்ணுக்குப் படக்கூடியவை மூன்றோ நான்கோதான். வீட்டில் சாப்பிடுகிறாரா, விடியற்காலை 3 மணிக்கே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடக்கிறாரா என்பவை அலுவலகத்துக்குத் தெரியப்போவதில்லை. தெரிவன கவனக்குறைவு, மந்தம், முடிவெடுக்கத் தயங்குதல், பேச்சில் தலைகாட்டும் தன்னிழிவு ஆகியவையே.

நெருக்கடியில் எழும் இயல்பான மனத்துயருக்கும் இந்நோய்க்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு வழிகளில் ஓரளவு உணரலாம். முதலாவது, இயல்பான துயரம் சூழலோடு சேர்ந்து அசையும். சம்பளம் இந்த மாதம் உறுதியாக வரும் என்ற செய்தி கிடைத்தால் முகம் தெளியும். நண்பர் நகைச்சுவையாக ஏதேனும் சொன்னால் சிரிப்பு வரும். அன்புக்குரியவரை இழந்தவரின் துக்கம்கூட அலையலையாக வந்து, இடையிடையே சற்றே விலகி நிற்கும். மனச்சோர்வில் இந்த அசைவு பெரிதும் நின்றுபோகிறது. நல்ல செய்தி வந்தாலும் மனம் எழுவதில்லை. சில வேளைகளில் அந்தச் செய்திக்குத் தான் தகுதியற்றவர் என்ற எண்ணமே மிஞ்சுகிறது.

இரண்டாவது வழி, யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பற்றியது. நெருக்கடிக் காலத்தில் ஒருவரைச் சக ஊழியர்களோடு ஒப்பிடுவதால் பயனில்லை, ஏனெனில் அளவுகோலே சாய்ந்திருக்கிறது. அவரை 6 மாதங்களுக்கு முன்பிருந்த அவரோடுதான் ஒப்பிட வேண்டும். எப்போதும் அமைதியாக இருப்பவர் அமைதியாக இருப்பதில் செய்தி எதுவும் இல்லை. எதையும் வாதிட்டு நிறுவும் ஒருவர், தன் பிரிவைப் பாதிக்கும் முடிவுக்குக்கூட "சரி, உங்கள் விருப்பம்" என்று ஒதுங்கிக்கொள்வதில் செய்தி இருக்கிறது. இதனால்தான், புதிதாகப் பொறுப்பேற்ற மேலாளரைவிட, பக்கத்து மேசையில் நெடுநாள் உட்கார்ந்திருக்கும் சக ஊழியரே மாற்றத்தை முதலில் கவனிக்கிறார்.

ஒரு கற்பனையான கணக்குப் பிரிவு அலுவலரை எடுத்துக்கொள்வோம். மாத இறுதிக் கணக்கை ஒருமுறை முடித்து, இரண்டாம் முறை சரிபார்த்து, 3ஆம் தேதி மாலைக்குள் அனுப்பிவிடுவது அவர் வழக்கம். நிறுவனத்தில் ஊதியக் குறைப்பு வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. இப்போது கணக்கு 6ஆம் தேதி வருகிறது. அதில் பிழை அதிகமில்லை. ஆனால் அனுப்பிய நேரம் அதிகாலை 3.40. ஒரே பட்டியலை ஏழெட்டு முறை திருத்திச் சேமித்த தடம் கோப்பில் தெரிகிறது. மின்னஞ்சலில் "தாமதத்துக்கும் தவறுகளுக்கும் மன்னிக்கவும்" என்று எழுதியிருக்கிறார். தவறே இல்லாத பக்கங்களுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறார். மதிய உணவுக்கு மற்றவர்களோடு போவதை நிறுத்திவிட்டார். இவற்றுள் எதுவும் தனியாக நின்றால் ஒன்றுமில்லை. தூக்கம், கவனம், குற்றவுணர்வு, ஒதுங்கல் என நான்கும் ஒரே மனிதரிடம், ஒரே காலத்தில், வாரக்கணக்கில் சேர்ந்திருப்பதே பொருட்படுத்த வேண்டியது. சிரத்தை குறைந்துவிட்டது என்று இவர்மீது குறிப்பெழுதும் மேலாளர், நடந்ததை நேரெதிராகப் படித்திருக்கிறார். முன்பு ஒரு மணி நேரம் பிடித்த வேலைக்கு இவர் இப்போது நான்கு மணி நேரம் போராடுகிறார்.

மனச்சோர்வு எப்போதும் சோகமான முகத்தோடு வருவதுமில்லை. சிலரிடம், குறிப்பாக ஆண்கள் பலரிடம், அது எரிச்சலாகவும் சண்டையாகவும் குடிப்பழக்கம் கூடுவதாகவும் வெளிப்படுகிறது. வேறு சிலர் தலைவலி, முதுகுவலி, வயிற்றுக் கோளாறு என்று மருத்துவர் மாற்றி மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்னும் சிலர் வேலைக்குள் புகுந்து ஒளிந்துகொள்வார்கள். நெருக்கடியில் இவர்கள்தான் பாராட்டும் பெறுவார்கள் என்பது வேதனையான முரண். வீட்டிலிருந்து பணிபுரிவோர் விஷயத்தில் கண்ணுக்குத் தெரியும் தடயங்கள் மேலும் குறைவு. கேமராவை அணைத்தே வைத்திருப்பது, குழு உரையாடலில் ஒற்றைச் சொல் பதில், வழக்கத்துக்கு மாறான நேரங்களில் வரும் செய்திகள் ஆகியவற்றைக் கொண்டே ஊகிக்க வேண்டியிருக்கும்.

முன்பே மனச்சோர்வு கண்டவர்கள், நெருக்கடியில் உறவினரை இழந்தவர்கள், நோயாளிகளையோ பாதிக்கப்பட்ட மக்களையோ நாள்தோறும் நேரில் சந்திக்கும் முன்களப் பணியாளர்கள், வீட்டில் குழந்தையையோ முதியவரையோ தனியாகக் கவனிப்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல் என்பது பலருக்கும் தெரியும். எவரும் நினைத்துப் பார்க்காத ஒரு கூட்டமும் உண்டு. ஆட்குறைப்புப் பட்டியலைத் தயாரித்த மேலாளர்களும், அதைக் கையில் எடுத்துச் சென்று ஒவ்வொருவராக அழைத்துச் சொன்ன மனிதவளத் துறையினரும், வேலை தப்பி எஞ்சியவர்களும்தான் அவர்கள். "வேலையாவது இருக்கிறதே" என்று ஊரே சொல்லும்போது, தங்கள் துயரத்தைச் சொல்ல அவர்களுக்கு உரிமையே இல்லாததுபோல் ஆகிவிடுகிறது.

எப்படிக் கேட்பது

நோயைக் கண்டறிவது மேலாளரின் வேலையன்று. மனச்சோர்வை மதிப்பிட மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும், 0 முதல் 27 வரை மதிப்பெண் தரும் ஒன்பது கேள்விகள் கொண்ட பட்டியல் இணையத்தில் எளிதில் கிடைக்கிறது. அதை அச்சிட்டுக் குழுவினரிடம் நிரப்பித் தரச் சொன்ன மேலாளர்களும் உண்டு. அது நல்லெண்ணத்தில் செய்யப்படும் தீங்கு. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கும் எவரும் அதிகாரியிடம் தரும் தாளில் உண்மையை எழுதமாட்டார். எழுதிவிட்டாலோ, அந்தத் தாளை என்ன செய்வதென்று அதிகாரிக்குத் தெரியாது.

மேலாளர் செய்யக்கூடியது, தான் கண்டதைச் சொல்லி, தான் ஊகித்ததைச் சொல்லாமல் கேட்பது. "நீங்கள் டிப்ரஷனில் இருக்கிறீர்கள் போலிருக்கிறது" என்று தொடங்கினால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். "இரண்டு மாதமாகக் கணக்கு தாமதமாக வருகிறது, அதுவும் அதிகாலையில் அனுப்புகிறீர்கள். இது உங்கள் வழக்கமில்லை. வேலையைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் ஒரு வாய்ப்பு உண்டு. "ஒன்றுமில்லை சார், கொஞ்சம் தூக்கம் சரியில்லை" என்பதே பெரும்பாலும் முதல் பதிலாக இருக்கும். அந்தப் பதிலைத் துருவாமலும், அதோடு விட்டுவிடாமலும், "எத்தனை நாளாகத் தூக்கமில்லை?" என்று ஓர் எளிய கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பது, ஆறுதல் சொற்பொழிவைவிடப் பயன் தரும். மூடிய அறை, அரை மணி நேரம், கைப்பேசி மேசைமேல் இல்லாமை ஆகிய மூன்றும் இதற்குப் போதும். பதில் வராவிட்டால் அடுத்த வாரம் மீண்டும் கேட்பதாகச் சொல்லி, சொன்னபடியே கேட்க வேண்டும்.

தவிர்க்க வேண்டிய சொற்களும் உண்டு. "மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்", "உங்களைவிடக் கஷ்டப்படுபவர்களைப் பாருங்கள்" போன்றவை, ஏற்கெனவே குற்றவுணர்வில் இருப்பவரிடம் இன்னொரு குற்றத்தைச் சுமத்துகின்றன. தம் மனத்தை எழுப்ப அவர் முயலாமல் இல்லை. எழுப்ப இயலாமல் போவதுதான் நோய்.

தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பதற்கு மேலாளர்கள் மிகவும் அஞ்சுகிறார்கள். கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்ததாகிவிடுமோ என்ற கவலை பரவலாக உள்ளது. ஆனால் கேட்பதால் அபாயம் கூடுவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. தான் எல்லோருக்கும் பாரம் என்று ஒருவர் பேசினாலோ, பொறுப்புகளையும் உடைமைகளையும் திடீரென ஒப்படைக்கத் தொடங்கினாலோ, "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேட்கலாம். ஆம் என்றால் அது இரகசியம் காக்கும் நேரமன்று. அவரைத் தனியாக விடாமல், குடும்பத்தினரையோ நம்பகமானவரையோ வரவழைத்து, அன்றே மருத்துவரிடம் அல்லது அவசர உதவிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

வேலையை மாற்றுவது

நெருக்கடியில் நிறுவனங்கள் வழங்கும் மனநல உதவிகளில் பெரும்பகுதி பணியாளரைத் திருத்த முனைபவை. மூச்சுப் பயிற்சி வகுப்பு, மனநலச் செயலி, ஊக்கமூட்டும் பேச்சாளர் என்று அந்தப் பட்டியல் நீளும். இவை கேடு செய்வதில்லை என்றாலும், இவற்றைச் செய்துவிட்டதாலேயே கடமை முடிந்தது என்ற நிறைவு நிர்வாகத்துக்கு வந்துவிடுவதுதான் சிக்கல். பிரிட்டனில் 46,000க்கும் மேற்பட்ட பணியாளர்களின் தரவுகளைக் கொண்டு 2024இல் வெளியான ஓர் ஆய்வு, இத்தகைய தனிநபர் சார்ந்த நலத்திட்டங்களில் பங்கேற்றவர்கள் பங்கேற்காதவர்களைவிட நல்ல நிலையில் இருக்கவில்லை என்று கண்டது. பேரிடருக்குப் பின் அனைவரையும் ஒரே அமர்வில் உட்காரவைத்து, நடந்ததை விவரித்து மனத்தைக் கொட்டச் சொல்லும் முறையையும் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைப்பதில்லை. அதற்கு மாறாக, 2011இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, நிலைமையைப் பார்த்தல், காதுகொடுத்துக் கேட்டல், தேவையான உதவியோடு இணைத்தல் என்ற எளிய வழியைச் சொல்கிறது.

மனத்தைப் பிழிவது வேலையின் அளவு மட்டுமன்று. சுமை மிகுதியாகவும் அதன்மீது தன் பிடி குறைவாகவும் இருக்கும்போதுதான் உளைச்சல் உச்சமடைகிறது என்று பணியிட உளைச்சலை ஆராய்ந்த ராபர்ட் காராசெக் 1979இல் விளக்கினார். சக ஊழியர், மேலாளர் ஆதரவு என்ற மூன்றாவது கூறு பின்னர் அந்த விளக்கத்தில் சேர்க்கப்பட்டது. நெருக்கடி இம்மூன்றையும் ஒரே நேரத்தில் குலைக்கிறது. வேலையை விட்டுப் போனவர்களின் பணி இருப்பவர்கள் தலையில் விழுகிறது. முடிவுகள் எங்கோ மேலே எடுக்கப்படுகின்றன. ஆதரவு தர வேண்டியவரே தன் வேலையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே உதவி என்பது பெருமளவு வேலையைத் திருத்தும் உதவியாகவே இருக்க வேண்டும்.

மேலே சொன்ன கணக்கு அலுவலருக்கு என்ன செய்யலாம்? ஐந்து பணிகளில் இரண்டைத் தற்காலிகமாக வேறொருவரிடம் கொடுத்து, அதை எந்தத் தேதி வரை என்று எழுத்தில் சொல்லலாம். "மாத இறுதிக்குள் எல்லாவற்றையும் முடியுங்கள்" என்பதற்குப் பதில், இன்றைக்கு இது, நாளைக்கு அது என்று பகுத்துத் தரலாம். முடிவெடுக்க இயலாமை நோயின் ஓர் அறிகுறி என்பதால், எதை முதலில் செய்வது என்ற கேள்வியை அவர் தலையிலிருந்து இறக்குவதே பெரிய உதவி. காலையில் மனநிலை மிகத் தாழ்ந்து, பொழுது ஏற ஏறச் சற்றுத் தெளிவது இந்நோயில் பலரிடம் காணப்படுவது. பணி நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பது செலவில்லாத மாற்றம். மருத்துவரைப் பார்க்கும் நேரத்தை விடுப்பில் கழிக்காமல் இருக்கலாம். இவையெல்லாம் சலுகைகள் அல்ல. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நீடித்த மனநலப் பாதிப்பு உள்ளவர்களுக்கும் பணியிடத்தில் நியாயமான தகவமைப்புகளைச் செய்துதரும் கடமையை முன்வைக்கிறது. பல நாடுகளின் சட்டங்களும் அவ்வழியே நிற்கின்றன.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அவரிடம் கேட்காமல் பொறுப்புகளைப் பறித்துவிடக் கூடாது. தான் பயனற்றவர் என்று நினைத்துக்கொண்டிருப்பவரிடம் "நீங்கள் ஓய்வெடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டால், அந்த எண்ணத்துக்கு அலுவலகமே முத்திரை குத்தியதாகிவிடும்.

இரகசியம் காத்தல் பற்றி நிறுவனங்கள் எழுதிவைக்கும் விதிகளைவிட, பணியாளர்கள் கண்முன் நடப்பதே அவர்கள் நடத்தையைத் தீர்மானிக்கிறது. சென்ற ஆண்டு மனநல விடுப்பு எடுத்த ஒருவரின் பெயர் இந்த ஆண்டு ஆட்குறைப்புப் பட்டியலில் இருந்தால், அடுத்த பத்தாண்டுகளுக்கு அந்த அலுவலகத்தில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். சக ஊழியர்களிடம் பணிப் பகிர்வை விளக்கும்போது மாற்றம் என்ன, எவ்வளவு காலம் என்று சொன்னால் போதும். காரணம் அவர்களுக்குத் தேவையில்லை. நெருக்கடியின் நிச்சயமின்மையைக் குறைப்பதும் நிர்வாகத்தின் கையில் பெருமளவு இருக்கிறது. ஊதியம் குறையுமா, எத்தனை மாதம், அடுத்த முடிவு எந்தத் தேதியில் தெரியும் என்பவற்றைத் தெளிவாகச் சொல்லும் நிறுவனத்தில், கெட்ட செய்தியும் வதந்தியைவிடத் தாங்கக்கூடியதாக இருக்கிறது.

சிகிச்சை தொடங்கியபின் மேலாளர்கள் பெரும்பாலும் பொறுமை இழப்பது காலக் கணக்குத் தெரியாததால்தான். மனச்சோர்வுக்கான மருந்துகள் வேலை செய்யத் தொடங்க 2 முதல் 4 வாரங்களும், முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரங்களும் ஆகலாம். முதல் நாட்களில் குமட்டல், தூக்கக் கலக்கம் போன்ற பக்கவிளைவுகளே முந்திக்கொண்டு வரும். மனநிலை தெளிந்தபின்னும் கவனமும் நினைவும் பழைய நிலைக்கு வரச் சில மாதங்கள் பிடிக்கலாம். சிரித்துப் பேசத் தொடங்கிவிட்டார் என்பதற்காக முழுப் பணிச்சுமையையும் அடுத்த திங்கட்கிழமையே திருப்பித் தருவது, ஏறிவந்தவரைக் கீழே தள்ளுவதற்கு ஒப்பாகும். பணிச்சுமையைப் பாதி, முக்கால், முழுமை என்று சில வாரங்களில் கூட்டிக்கொண்டு போவதே நடைமுறையில் நிற்கிறது.

நெருக்கடி முடிந்துவிட்டது என்று நிர்வாகம் அறிவிக்கும் நாளில் இந்தக் கவனிப்பும் நின்றுவிடுவதே வழக்கமாக இருக்கிறது. ஆபத்தின் நடுவே பலர் ஓட்டத்திலேயே தாக்குப்பிடிக்கிறார்கள். ஓட்டம் நின்றபின், இழந்தவற்றைக் கணக்கிட நேரம் கிடைக்கும்போதுதான் சரிகிறார்கள். ஒருமுறை மனச்சோர்வு கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது மீண்டும் வருகிறது; அறிகுறிகள் நீங்கியபின்னும் குறைந்தது 6 மாதங்கள் மருந்தைத் தொடர மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். பணியிடத்தின் கவனிப்பையும் அந்தக் கால அளவுக்குக் குறையாமல் நீட்டித்து, மாதம் ஒருமுறை அரை மணி நேரச் சந்திப்பை நாட்காட்டியில் குறித்துவைப்பதும், அந்தச் சந்திப்பை மேலாளர் மாறினாலும் பொறுப்பேற்பவர் தொடர்வதற்குப் பணியாளரின் ஒப்புதலோடு ஏற்பாடு செய்துவைப்பதும் மனிதவளத் துறையின் வழக்கமான வேலைகளுள் ஒன்றாகலாம்.